இசைந்தவர் யார்?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த விழாவுக்கு வரும் வழியில், கூட்டுச்சாலை ஓரமாக ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கப் பலகையில் வண்டியின் எடை இவ்வளவு, ஏற்றக்கூடிய பாரம் இவ்வளவு என்று வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். சற்றுத் தள்ளி நியாய விலைக் கடை. வாசலிலே ஒரு கரும்பலகை: அரிசி இருப்பு இவ்வளவு, சர்க்கரை இருப்பு இவ்வளவு. அதற்கடுத்து ஓர் உணவு விடுதி. கல்லாவுக்குப் பின்னே, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே, உரிமம் தொங்கிக்கொண்டிருந்தது. இட்லி விற்பவர்கூடத் தமக்குக் கிடைத்த அனுமதியை ஊரார் கண்ணில் படும்படி மாட்டிவைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார்!

அந்த விடுதிக்கு நேர் பின்னே, தென்னந்தோப்பின் தலைக்கு மேலே, ஒரு புகைபோக்கி. நெடிதுயர்ந்த புகைபோக்கி. அது நாளெல்லாம் புகைவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் புகையில் என்ன வாயு கலந்திருக்கிறது? அது எவ்வளவு விடலாம் என்று அனுமதி தரப்பட்டிருக்கிறது? அந்த அனுமதி எந்த நாள்வரையில் செல்லும்? தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "அதெல்லாம் நமக்கு யாருங்க சொல்றாங்க?" என்றார். ஆசிரியர் ஒருவர் அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியாது.

லாரியின் பாரம் ஊருக்குத் தெரிகிறது. இட்லிக் கடையின் உரிமம் ஊருக்குத் தெரிகிறது. ஊர் முழுதும் உள்ளிழுக்கும் மூச்சிலே எதைக் கலக்கலாம், எவ்வளவு கலக்கலாம் என்று எழுதிக் கொடுத்த காகிதம் மட்டும் ஊருக்குத் தெரியவில்லை! அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்தக் காகிதத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் இசைவாணை. நல்ல தமிழ்ப் பெயர். 1981ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் காற்று மாசு தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறாமல் ஆலையை நிறுவவும் கூடாது, இயக்கவும் கூடாது என்பது அதன் 21ஆம் பிரிவு. ஆகவே ஆலைக்காரர் இரண்டு முறை இசைவு வாங்குகிறார். கட்டுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. ஓட்டுவதற்கு வாங்கியதைக் காலம் முடிந்ததும் புதுப்பிப்பது நெடுங்கால நடைமுறை. அந்த ஆணையைப் புரட்டிப் பார்த்தால், ஆலையில் எத்தனை புகைபோக்கிகள், ஒவ்வொன்றின் உயரம் எத்தனை மீட்டர், எந்தப் புகைபோக்கியில் எந்த வாயு, ஒரு கனமீட்டர் புகையில் அது எத்தனை மில்லிகிராம் வரை இருக்கலாம், புகையைக் கழுவ எந்தக் கருவி, தூசியைப் பிடிக்க எந்தக் கருவி, ஆணை முடியும் நாள் எது என்றெல்லாம் வரிசையாக இருக்கும். ஒளிவுமறைவு அதிலே ஒன்றும் இல்லை. அது இருக்கும் அலமாரிதான் பூட்டிக் கிடக்கிறது.

இசைவு என்று பெயர் வைத்தார்களே, இசைந்தவர் யார்? ஆலை கேட்டது, வாரியம் இசைந்தது. மூச்சு விடுகிறவன் இசைந்தானா? அவனைக் கேட்டவர் உண்டா? பெண் பார்த்து, பேசி முடித்து, தேதியும் குறித்தான பின்பு, 'இன்னாருக்கு உன்னைக் கொடுத்திருக்கிறோம்' என்று மணப்பெண்ணிடம் சொல்வார்களே, அந்தப் பழைய வழக்கம் போலிருக்கிறது இது. இல்லை, அதைவிட மோசம். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையின் பெயரையாவது சொன்னார்கள்!

தோழர்களே, தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் உங்கள் நெஞ்சில் எழுவது 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிச் சென்ற ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டனர். ஆறு நாட்கள் கழித்து, மே 28இல், ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணையிட்டது. 2020இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 2024 பிப்ரவரி 29இல் உச்சநீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இவை எல்லோரும் அறிந்த செய்திகள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை, காகிதத்தின் கதை.

1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் வாரியம் அந்த ஆலைக்கு ஒரு தடையின்மைச் சான்றிதழ் அளித்தது. அதில் ஒரு நிபந்தனை, ஆலையைச் சுற்றிலும் 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் அமைக்க வேண்டும் என்பது. மரங்கள் சூழ்ந்த ஒரு வேலி! புகைக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஓர் அரண்! நல்ல நிபந்தனைதான். ஆலை வாரியத்தை அணுகிற்று, அத்தனை அகலத்துக்கு நிலம் நிரம்ப வேண்டுமே, குறைக்க வேண்டும் என்றது. அதே ஆகஸ்டு மாதத்திலேயே வாரியம் அதை 25 மீட்டராகக் குறைத்தது. 250 என்பது 25 ஆயிற்று. ஒரே ஒரு சுழி! எழுதுகோலின் ஒரு சுற்று! அந்தச் சுழி மறைந்ததிலே ஒவ்வொரு பக்கத்திலும் 225 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் மறைந்தன. முளைக்கும் முன்பே மறைந்தன.

அப்படிக் குறைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது பின்னாளில் உச்சநீதிமன்றம்வரை சென்று வாதிடப்பட்டது. அந்த வழக்கை இந்த மேடையில் மறுபடியும் நடத்த நான் வரவில்லை. அதிகாரம் உண்டென்றே வைத்துக்கொள்வோம். நான் கேட்பது ஒன்றுதான். குறைக்க வேண்டும் என்று கேட்க ஆலைக்கு வாய் இருந்தது. குறைக்காதே என்று கேட்க ஊருக்கு வாய் இருந்ததா? பெருந்தொழில் திட்டங்களுக்கு ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற பொது விசாரணை ஏற்பாடே 1997இல்தான் வந்தது. 1994இல் ஊரைக் கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. கட்டாயம் இல்லாதபோது கேட்பவர் யார்?

கதை அத்தோடு முடியவில்லை. 2013 ஏப்ரல் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஆலையை மூடும்படி உயர்நீதிமன்றம் 2010இல் பிறப்பித்திருந்த ஆணையை நீக்கியது. ஆனால் சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதற்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: இசைவாணை புதுப்பிக்கப்படாமலேயே ஆலை நெடுங்காலம் இயங்கியிருக்கிறது!

இதைக் கண்டுபிடிக்க உச்சநீதிமன்றம் வேண்டியிருந்ததா? விண்ணைப் பிளக்கும் விஞ்ஞானமா இது? வேதியியல் தெரிய வேண்டாம், வாயுவை அளக்கும் கருவி வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆணை முடியும் நாளையும் அன்றைய நாள்காட்டியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை கண்டுபிடித்திருக்கும். அந்தப் பிள்ளையின் கையில் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

அதே ஆண்டு மார்ச் 23ஆம் நாள் காலையில் தூத்துக்குடி மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. ஆலையின் அளவுமானி அன்று கூடுதல் அளவைக் காட்டியிருக்கிறது என்று கூறி வாரியம் ஆலையை மூடியது. கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் வந்த எண் அது என்றது ஆலை. மே 31ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை மீண்டும் இயக்க இசைந்தது. எண் ஆலையிடம் இருந்தது, வாரியத்திடம் இருந்தது. கண்ணெரிச்சல் மட்டும் ஊரிடம் இருந்தது. வழக்கு மன்றத்தில் எண்ணுக்குத்தானே மதிப்பு?

'ஊராருக்கு இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? பீதிதான் பரவும்' என்று படித்த நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களைப் போபாலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. பூச்சிக்கொல்லி ஆலையின் தொட்டியிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கிளம்பி, உறங்கிக்கொண்டிருந்த நகரத்தின்மீது படர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மருத்துவமனையில் வந்து குவிந்தவர்களுக்கு எந்த வாயுவுக்கு மருத்துவம் பார்ப்பது என்று மருத்துவர்களுக்கே அன்றிரவு தெரியவில்லை. நனைத்த துணியை முகத்தில் மூடிக்கொண்டால் ஓரளவு தப்பலாம் என்பது ஓடியவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் இல்லாத குடிசை உண்டா? துணி இருந்தது, தண்ணீர் இருந்தது, செய்தி இல்லை! பீதி பரவும் என்கிறீர்களே, அறியாமை பரவியிருந்த அந்த இரவில் நடந்தது என்ன?

போபாலைக் கண்டு நம் நாடு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் செய்தது. அமெரிக்காவோ, அதே 1986இல் ஊராரின் அறியும் உரிமைக்கென்று தனியாக ஒரு சட்டம் செய்தது. எந்த ஆலை எந்த நச்சுப்பொருளை ஆண்டுக்கு எவ்வளவு வெளியே விடுகிறது என்று ஆலையே கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். தடை ஒன்றும் போடவில்லை, தண்டனை ஒன்றும் கூட்டவில்லை, கணக்கைக் காட்டு என்று மட்டும் சொன்னார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? முதற்கணக்கு வெளிவரப்போகும் நேரத்தில், 1988இல், மான்சாண்டோ என்ற பெரிய இரசாயன நிறுவனம் தானாகவே முன்வந்து, 1992க்குள் காற்றில் விடும் நச்சை 90 விழுக்காடு குறைப்போம் என்று அறிவித்தது. அதுவரை குறைக்க முடியாதிருந்தது, ஊர் பார்க்கப்போகிறது என்றதும் குறைக்க முடிந்தது! அந்த நிறுவனத்தைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குகிறோமே, அந்த மனித இயல்பு முதலாளிக்கும் உண்டு என்பதைக் காட்டச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் கதை வேறு. ஆலைப் புகைக்கு முதன்முதல் கடிவாளம் போட்ட நாடுகளில் அது ஒன்று. சோடா உப்பு ஆலைகள் கக்கிய அமில ஆவி பயிரையும் மரத்தையும் கருக்கியது. 1863இல் சட்டம் வந்தது; அந்த ஆவியில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றது. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற அறிஞர் முதல் ஆய்வாளராக அமர்ந்தார். அமில மழை என்று இன்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லை உலகுக்குத் தந்தவர் அவர். கெட்டிக்காரர்கள், நேர்மையானவர்கள். ஆனால் ஆய்வாளருக்கும் ஆலைக்கும் நடப்பது அவர்கள் இருவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கே மரபாகிவிட்டது. 1972இல் அரச ஆணைக்குழு ஒன்று இந்த மறைவைக் குறைகூற வேண்டியிருந்தது. பெருந்தொழிற்சாலைகளின் காற்றுக்கழிவு அனுமதிகளை யாரும் வந்து பார்க்கலாம் என்ற பொதுப் பதிவேடு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. 1863 எங்கே, 1990 எங்கே? 127 ஆண்டுகள்!

இதைக் கேட்டதும், 'வெள்ளைக்காரனுக்கே 127 ஆண்டு பிடித்தது, நமக்கு எப்போது வருமோ?' என்று பெருமூச்சு விடுகிறீர்கள். பெருமூச்சு வேண்டாம், தோழர்களே! நமக்கு அது 1981லேயே வந்துவிட்டது!

ஆம். காற்றுச் சட்டத்தின் 51ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். யார் யாருக்கு இசைவு அளிக்கப்பட்டது, ஒவ்வோர் இசைவிலும் புகைக்கு என்ன அளவு விதிக்கப்பட்டது என்ற விவரங்களோடு மாநில வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்த அளவுகளில் அக்கறை உள்ளவரோ, அவற்றால் பாதிக்கப்படுகிறவரோ, அவர் அனுப்புகிற ஆளோ, தகுந்த நேரங்களில் அதைப் பார்வையிடலாம். இது சட்டம். இங்கிலாந்துக்கு ஒன்பது ஆண்டு முந்திய சட்டம். புகைபோக்கியின் அடியில் வாழ்கிறவர் 'பாதிக்கப்படுகிறவர்' அல்லர் என்று யாராலும் சொல்ல முடியுமா? உரிமை கையில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. நாம்தான் கையை விரித்துப் பார்க்கவில்லை.

நானும் பார்க்காதவன்தான். சென்ற ஆண்டுதான் அந்தப் பிரிவை முதன்முறையாகப் படித்தேன். படித்த வேகத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்துக்குச் சென்றேன். ஊரும் பேரும் வேண்டாம். எழுத்தர் ஒருவர் இருந்தார், நரைத்த தலை, நல்ல மனிதர். "ஐயா, 51ஆம் பிரிவுப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கம்பெனி அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டார். கம்பெனி இல்லை, நான் இந்தப் பக்கத்துக்காரன் என்றேன். "வழக்கு ஏதாவது போட்டிருக்கீங்களா?" இல்லை என்றேன். அவர் சற்றுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இருபத்து மூணு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஊர்க்காரர் ஒருத்தர் வந்து கேட்கிறது இதுதான் முதல் தடவை."

தோழர்களே, அந்த அலுவலகத்தில் என்னைக் காக்கவைத்தார்கள். மேலதிகாரி வெளியே போயிருக்கிறார் என்றார்கள், நாளை வா என்றார்கள், மனு எழுதிக் கொடு என்றார்கள். அதையெல்லாம் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அந்த எழுத்தரின் ஒரு வரிதான் என்னைக் குத்தியது. மறைத்தார்கள், மறைத்தார்கள் என்று மேடைதோறும் முழங்கினோமே, நம்மில் ஒருவர் சென்று, காட்டுங்கள் என்று கேட்டோமா? 23 ஆண்டுகளில் ஒருவர்கூட!

மூன்றாவது முறை சென்றபோது கோப்பைக் காட்டினார்கள். நான் கேட்ட ஆலையின் ஆணை முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. புதுப்பிக்கக் கோரிய விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆலையின் வாசலுக்குச் சென்று பார்த்தேன். ஏன் வாசலுக்குச் சென்றேன் என்றால், 2003 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஓர் ஆணையிட்டிருக்கிறது. ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகள், என்ன பொருள், எவ்வளவு, காற்றிலும் நீரிலும் விடுவது என்ன என்ற விவரங்களை முதன்மை வாசலுக்கு வெளியே பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்ற ஆணை. பலகை இருந்தது. அதன்மேல் காகிதப்பூக் கொடி படர்ந்து பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது! கொடியை விலக்கிப் பார்த்தேன். கட்டங்கள் இருந்தன. கட்டங்களுக்குள்ளே எண்கள் இல்லை. வெயிலில் வெளுத்ததா, எழுதவே இல்லையா, யாருக்குத் தெரியும்! காவலாளி அருகில் வந்து, "பூ பறிக்கக் கூடாதுங்க" என்றார்.

அன்று மாலையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு எழுதினேன். அந்தச் சட்டத்தின் பிறப்பையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அதைப் பெற்றுத் தந்ததில் ராஜஸ்தானத்துக் கூலியாட்களுக்குப் பெரும்பங்கு உண்டு. செய்த வேலைக்குக் கூலி வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னவர்கள் அவர்கள். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாட்கள் தெருவில் அமர்ந்தார்கள். மறுஆண்டு, 1997இல், தகவல் உரிமைக்கென முதலில் சட்டம் செய்த மாநிலம் நம் தமிழ்நாடு. விலக்குகளை அடுக்கி வைத்த சட்டம்தான், இருந்தாலும் முதல் சட்டம். பிறகு 2005இல் நாடு முழுதுக்குமான சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு சொல்வது என்ன? எந்த அலுவலகம் யாருக்கு எந்த அனுமதியை வழங்கியதோ, அந்த விவரங்களை யாரும் கேட்காமலேயே தானாக வெளியிட வேண்டும். கேட்பவர் ஏன் கேட்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நகல் வாங்கலாம், கோப்பை நேரில் பார்க்கலாம், குறிப்பும் எடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் தகவல் ஆணையம். காரணமின்றிக் காலம் கடத்திய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரையில் தண்டம் உண்டு.

'தொழில் இரகசியம்' என்று ஒரு தடுப்பு எழுப்புவார்கள். எதிர்பார்த்துச் செல்லுங்கள். 8ஆம் பிரிவில் வணிக இரகசியத்துக்கு விலக்கு உண்டு, உண்மைதான். பொதுநலன் பெரிதென்றால் அந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது, அதைப் படித்துக்காட்டுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். உள்ளே எதை எதோடு கலக்கிறாய், எந்தச் சூட்டில் காய்ச்சுகிறாய் என்பது உன் இரகசியமாக இருக்கட்டும், அந்த வித்தையைத் திருட நாங்கள் வரவில்லை. வெளியே எதை விடுகிறாய் என்பது எப்படி இரகசியமாகும்? என் நுரையீரலுக்குள் வந்துவிட்ட பிறகும் அது உன் சொத்தா?

இந்த வேலையை இப்போது நாம் தொடங்கியாக வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 'ஜன் விஸ்வாஸ்' என்று பெயர், மக்கள் நம்பிக்கை என்று பொருள். காற்றுச் சட்டத்தை மீறுவோருக்கு முன்பு சிறைத் தண்டனை இருந்தது. திருத்தத்தின்படி, அதன் இடத்தில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை வந்தது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் என்பது என்ன? தீபாவளிக்கு வாங்கும் இனிப்புச் செலவு! சிறை என்ற அச்சம் போயிற்று என்றால், ஊர் பார்க்கிறது என்ற அச்சமாவது மிஞ்ச வேண்டாமா? அதே சட்டத்தில் 1987இல் 43ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட ஓர் உரிமையும் இருக்கிறது: 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் வழக்கு மன்றத்தில் முறையிடலாம், அவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். பொதுநலனுக்கு ஒவ்வாது என்று கருதினால் வாரியம் மறுக்கலாம் என்று ஒரு பொந்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பொந்தை அடைக்க வேண்டும் என்பதை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது, மொழிப் பூட்டு. நான் பார்த்த ஆணை ஆங்கிலத்தில் இருந்தது, பத்துப் பக்கத்துக்கு மேல். தென்னந்தோப்புக்காரருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் அது எதற்குப் பயன்படும்? 2020இல் சுற்றுச்சூழல் விதிகளுக்கு ஒரு வரைவு வந்தபோது, அதைப் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்த்துக் கொடுக்குமாறு டில்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நீதிமன்றம் சொல்லித்தானா நம் மொழியில் நமக்குச் சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டில் வழங்கப்படும் ஒவ்வோர் இசைவாணையும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு வர வேண்டும். ஆலையின் பெயர், புகைபோக்கி, வாயு, அளவு, முடியும் நாள், இவ்வளவு போதும். அது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஆலைக்காரர் இன்று இணையவழியில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கிறார். ஊராரும் தங்கள் ஊர்ப் பெயரை எழுதினால் சுற்றுவட்டார ஆணைகள் அத்தனையும் தமிழில் வந்து நிற்க வேண்டும். இவை பெரிய கேள்விகளா? நியாய விலைக் கடைக்காரரிடம் நாம் கேட்டு வாங்கியதைத்தான் ஆலையிடமும் கேட்கிறோம்.

ஆலையே கூடாது என்று சொல்லும் கூட்டமா இது? அல்ல. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஆலைச் சம்பளத்தில் அடுப்பெரிப்பவர்கள். ஷிப்டு முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களைக் காண்கிறேன். புகையை முதலில் விழுங்குபவர்கள் அவர்கள்தான். ஊருக்கு வருவது மிச்சம். போபாலுக்குப் பிறகு, 1987இல், ஆபத்தான தொழில் நடத்தும் ஆலை அதன் அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளரையும் ஊரையும் ஒரே வரியில் நிறுத்திய பிரிவு அது. நம்மை ஒருவரோடொருவர் மோதவிடுவோர் அந்த வரியைப் படித்ததில்லை போலும்.

என் மனு என்ன ஆயிற்று என்று முன்வரிசைத் தோழர் கேட்கிறார். சொல்கிறேன். ஒரு மாதத்துக்குள் அந்த வாசற்பலகையிலிருந்து காகிதப்பூக் கொடி வெட்டப்பட்டது. புது வண்ணம் பூசினார்கள், எண்களும் எழுதினார்கள். அந்த எண்கள் மெய்யா என்பது அடுத்த வேலை. புதுப்பிக்கப்படாத இசைவாணையைப் பற்றிக் கேட்டதற்குத் தெளிவான விடை வரவில்லை, மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

ஆகவே, கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கலைய வேண்டாம். வாசல் மேசையில் மனுவின் மாதிரி தமிழில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் ஆலையின் பெயரை நிரப்பி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கேட்க வேண்டியவை மூன்று: நடப்பு இசைவாணையின் நகல், கடந்த மூன்றாண்டுகளின் புகை ஆய்வு அறிக்கைகள், கோப்பை நேரில் பார்க்க ஒரு நாள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிப்பக மாணவர்கள் எழுதித் தருவார்கள். தபாலில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் நாள், பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். வரும்போது ஆலை வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா, அதன்மேல் என்ன கொடி படர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.